கொடிக்கயிற்றில் தொங்கிய ஏதென்ஸ்

உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போனபோது தமிழும் புவியியலும் யோசிக்காமலே முடிவாகின. மூன்றாவது பாடம்தான் இழுபட்டது. "கிரேக்க உரோம நாகரிகம் எடும். முழுக்கக் கதைதானே. பாடமாக்கிப்போட்டு எழுதினால் ஏ வரும்" என்று மேல்வகுப்பு அக்கா ஒருவர் சொன்னார். எடுத்தேன். 2011ஆம் ஆண்டு அது. வன்னியில் எங்கள் பாடசாலை போருக்குப் பிறகு மீளத் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒரு கட்டடத்துக்குக் கூரை போட்டாயிற்று, மற்றதற்கு இல்லை. எங்கள் வகுப்பு தறப்பாளுக்குக் கீழே நடந்தது. மழை அடித்துப் பெய்தால் சேர் படிப்பிப்பது காதில் விழாது. கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம்.

இப்போது அதே பாடத்தை நான் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வரும் பிள்ளைகளில் பாதிப்பேராவது அந்த அக்கா சொன்ன காரணத்தையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும், "இதைப் படிச்சு என்ன பிரயோசனம்" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிவந்ததை ஒருமுறை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதல் தவணைப் பரீட்சையில் எனக்கு 38 புள்ளி. பாடமாக்காமல் போய் வாங்கிய 38 அல்ல. நகரத்தில் ஒரு டியூட்டரி கொடுத்த நோட்ஸை போட்டோக்கொப்பி எடுத்து, அறுபது பக்கத்தையும் வரி தவறாமல் பாடமாக்கிக்கொண்டு போனேன். ட்ரோய்ப் போரைப் பற்றிக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய இலியட் காவியத்தில், கிரேக்க வீரன் அக்கிலீஸின் கோபத்துக்கு என்ன இடம் என்று கேள்வி வந்தது. ட்ரோய் இளவரசன் பாரிஸ் கிரேக்க அரசி ஹெலனைக் கொண்டுபோனதில் தொடங்கினேன். பத்து வருடப் போரை விவரித்தேன். அக்கிலீஸின் குதிக்காலில் அம்பு பாய்ந்ததையும், மரக்குதிரைக்குள் ஒளித்திருந்து நகரைப் பிடித்ததையும் சொல்லி முடித்தேன். நாலரைப் பக்கம். எழுதி முடித்தபோது அவ்வளவு சந்தோசம்.

தாள் திருப்பித் தந்த அன்று சேர் என்னைக் கூப்பிட்டார். அவர் உண்மையில் வரலாறு ஆசிரியர். இந்தப் பாடத்துக்கு வேறு ஆள் இல்லாததால் தானே படித்துப் படித்து எங்களுக்குப் படிப்பித்தவர்.

"பிள்ளை, மரக்குதிரை இலியட்டில எந்த இடத்தில வருது?"

"கடைசியில சேர்."

"சரி, அந்தக் கடைசியை வாசிச்சுப்போட்டு வாரும்."

மேசை இலாச்சியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். இலியட்டின் ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு. முதுகு பிய்ந்து நூலால் தைத்திருந்தது. இருபத்துநாலு பகுதிகளில் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தால் போதும் என்றார். எனக்கு ஆங்கிலம் மட்டு மட்டு. பாடசாலை அகராதியை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பகுதியில் மரக்குதிரை இல்லை. அக்கிலீஸ் சாகவும் இல்லை. இலியட் முழுவதுமே போரின் பத்தாவது வருடத்தில் சில கிழமைகளுக்குள் நடக்கும் கதை. கோபம் என்ற சொல்லோடு தொடங்குகிறது, ட்ரோய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. மரக்குதிரையை ஹோமரின் மற்றக் காவியமான ஒடிசியில் ஒரு பாடகன் சுருக்கமாகப் பாடுகிறான். நாங்கள் எல்லோரும் அறிந்த விரிந்த வடிவம் ஹோமருக்கு ஏறத்தாழ எழுநூறு வருடம் பிந்திய உரோமக் கவிஞர் வேர்ஜில் எழுதிய ஈனியட்டின் இரண்டாம் பகுதியில் வருகிறது. குதிக்காலில் பட்டால் மட்டும்தான் சாவு என்ற கதை ஹோமரில் எங்கேயும் கிடையாது. அறுபது பக்க நோட்ஸ் எழுதியவர் இலியட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதை நம்பி நான் நாலரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

அந்த ஒரு பகுதியை வாசித்து முடிக்க இரண்டு கிழமை எடுத்தது. இரவில் விளக்கை வைத்துக்கொண்டு ஒரு பந்தி வாசிப்பேன், தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பேன், அந்தப் பந்தியில் என்ன நடந்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதுவேன். அம்மா பக்கத்தில் படுத்திருப்பா. "சத்தமா வாசி பிள்ளை, நானும் கேக்கிறன்" என்று ஒரு நாள் சொன்னா. எழுதிய இரண்டு வரிகளையும் கதையாகச் சொல்லத் தொடங்கினேன்.

எங்கள் அண்ணா 2009இல் காணாமல் போனவர். அதற்கு மேல் இங்கே எழுத என்னால் முடியாது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் அன்று நடந்ததும் விளங்காது.

கதை இதுதான். அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறான். ஹெக்டரின் தகப்பன் பிரியாம், ட்ரோய் நகரத்து அரசன், கிழவன். இரவோடிரவாக எதிரியின் பாசறைக்குப் போகிறான். அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறான். "உன் தகப்பனை நினைத்துப் பார், அவரும் என் வயதுக்காரர்" என்கிறான். இரண்டு பேரும் அழுகிறார்கள். கிழவன் மகனை நினைத்து அழுகிறான். அக்கிலீஸ் தகப்பனையும் செத்துப்போன நண்பன் பத்ரோக்ளஸையும் மாறி மாறி நினைத்து அழுகிறான். பிறகு பணிப்பெண்களைக் கூப்பிட்டு உடலைக் கழுவி எண்ணெய் பூசச் சொல்கிறான், அதுவும் கிழவனின் கண்ணில் படாத இடத்தில் வைத்து. கண்டால் கிழவன் கோபப்படுவான், அந்தக் கோபத்தில் தானும் அவனைக் கொன்றுவிடுவேன் என்று அவனுக்குப் பயம். கழுவிய உடலைப் பாடையில் அவனே தூக்கி வைக்கிறான்.

"அவனேயோ தூக்கி வைச்சவன்?" என்று அம்மா கேட்டா.

"ஓம் அம்மா, தன்ர கையால."

"எத்தினை நாள் குடுத்தவன்?"

"பதினொரு நாள். ஒன்பது நாள் அழ, பத்தாம் நாள் எரிக்க, பதினொராம் நாள் மேடு கட்ட. பன்னிரண்டாம் நாள் வேணுமெண்டால் திருப்பிச் சண்டை."

அம்மா கனநேரம் பேசவில்லை. "பகைவன் எண்டாலும் குடுத்திட்டான் என்ன" என்றா. மறுநாள் இரவும் அதையே திருப்பி வாசிக்கச் சொன்னா.

ஹோமர் எந்த நூற்றாண்டு, இலியட்டில் எத்தனை வரி, எந்தத் தெய்வம் எந்தப் பக்கம் என்றெல்லாம் அதற்குப் பிறகு எனக்கு யாரும் பாடமாக்கச் சொல்லத் தேவைப்படவில்லை. தானாக ஒட்டிக்கொண்டன. அதனால் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே நான் கேட்பது ஒன்றுதான். நோட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோட்ஸ் எந்த நூலைப் பற்றிப் பேசுகிறதோ அந்த நூலில் ஒரு பக்கமாவது முதலில் வாசியுங்கள். முழு நூலையும் வாசிக்க நேரம் இராது, அது எனக்குத் தெரியும். இலியட்டில் ஆறாம் பகுதியில் ஹெக்டரின் தலைக்கவசத்தைக் கண்டு அவன் பச்சைக்குழந்தை வீரிட்டு அழும் இடம் ஒரு பக்கம் வரும். தகப்பனும் தாயும் சிரிக்கிறார்கள், அவன் கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். ஒடிசியில் ஒற்றைக் கண்ணனின் குகை, அல்லது கட்டிலை வைத்து மனைவி கணவனைச் சோதிக்கும் இடம். ஏதென்ஸைப் பற்றிப் படிக்கும்போது வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிய கொள்ளைநோய் பற்றிய பக்கங்கள். சோக்ரட்டீஸ் என்றால் பிளேட்டோ எழுதிய அவருடைய வழக்குரையின் கடைசிப் பக்கம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. ஆங்கிலம் ஓடாது என்று பயப்படும் பிள்ளைக்கு நான் செய்ததையே சொல்லிக்கொடுக்கிறேன்: ஒரு நாளைக்கு ஒரு பந்தி, இரண்டு வரி தமிழில், யாருக்காவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. அம்மா கேட்ட "எத்தினை நாள்" என்ற கேள்வியை நானாக ஒருபோதும் கேட்டிருக்க மாட்டேன்.

சோபோக்கிளீஸின் அன்ரிகனியை மட்டும் நான் அந்த இரண்டு வருடமும் திறக்கவில்லை. தமையனின் உடலைப் புதைக்கக்கூடாது என்ற அரச கட்டளையை மீறி ஒரு தங்கை மண் போடும் நாடகம் அது. பரீட்சைக்கு அதை விட்டுவிட்டு மற்ற நாடகங்களைப் படித்துக்கொண்டு போனேன். சேருக்கு விளங்கியிருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் வாசித்தேன். எங்கள் பிரதேசத்தில் இந்தப் பாடத்தைப் படிப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில பக்கங்களைச் சில பிள்ளைகளால் இப்போதைக்கு வாசிக்க முடியாது. வற்புறுத்த வேண்டாம்.

அடுத்த தொல்லை ஆண்டுகள். கி.மு. என்றால் பின்னோக்கி எண்ண வேண்டும் என்று தெரிந்தாலும் கை கேட்காது. கிரேக்கர் பாரசீகரோடு மோதிய சலாமிஸ் போர் 480, மரதன் போர் 490. என் கொப்பியில் சலாமிஸ் முதல் நடந்தது, மரதன் பிறகு. ஐந்தாம் நூற்றாண்டு என்றால் 500களில் நடந்தவை என்று எழுதி ஒரு கட்டுரை முழுக்கப் பிழைத்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்பது 500இலிருந்து 401 வரை.

வீட்டுப் பின்பக்கம் உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிறு இருந்தது. ஒரு சனிக்கிழமை அதன் ஒரு கம்பத்தில் கி.மு. 800 என்று மட்டையில் எழுதிக் கட்டினேன். பத்து வருடத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் என்று கணக்கு வைத்தால் கி.பி. 500 வரை ஆறரை மீற்றர் கயிறு வேண்டும். இருந்தது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூச்சியம் கிடையாது என்பதால் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். நோட்ஸ் மட்டைகளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஆண்டும் பெயரும் எழுதி, உடுப்புக் கிளிப்பால் கொழுவத் தொடங்கினேன். கிரேக்கத்துக்கு நீலக் கிளிப், உரோமுக்குச் சிவப்பு.

மத்தியானம் ஆகும்போது கயிறு ஓரிடத்தில் தொய்ந்துவிட்டது. கி.மு. 500க்கும் 400க்கும் இடையில், வெறும் அரை மீற்றருக்குள், கிளிப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. மரதன் 490. சலாமிஸ் 480. ஈஸ்கிலஸின் பாரசீகர் நாடகம் 472. பார்த்தினன் கோயிலைக் கட்டத் தொடங்கியது 447. யூரிப்பிடிஸின் மெடியா நாடகம் 431, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பெலோப்பொனேசியப் போர் தொடங்கியதும் அதே 431, இரண்டையும் ஒரே கிளிப்பில் போட வேண்டியிருந்தது. ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் கொள்ளைநோயில் செத்தது 429. ஏதென்ஸ் தோற்றுப்போனது 404. 400ஐத் தாண்டி ஒரு விரற்கடை தூரத்தில் சோக்ரட்டீஸ் நஞ்சு குடித்த 399. நோட்ஸில் இவை நாடகம், கட்டடம், போர், தத்துவம் என்று வேறு வேறு அலகுகள். கயிற்றில் பார்த்தபோதுதான் பார்த்தினனில் கல் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் பிறகு தோற்றுப்போன ஏதென்ஸில் சோக்ரட்டீஸுக்குச் சாவுத்தண்டனை என்று வாக்களித்த கிழவர்கள் என்று உறைத்தது.

இன்னும் இரண்டு விஷயம் அந்தக் கயிறு காட்டியது. உரோமர் அரசனைத் துரத்திக் குடியரசு அமைத்ததாகச் சொல்லும் 509உம், ஏதென்ஸில் கிளைஸ்தனிஸ் மக்களாட்சிக்கு வழிசெய்த 508உம் பக்கத்துப் பக்கத்துக் கிளிப். நாங்கள் கிரேக்கத்தை முடித்துவிட்டு உரோமைத் தொடங்குவதால் ஒன்று முடிந்துதான் மற்றது தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மற்றது ட்ரோய்ப் போர். பழைய கிரேக்க அறிஞர் எரதொஸ்தீனிஸ் கணித்த ஆண்டு கி.மு. 1184. அது என் கயிற்றிலேயே இல்லை. கம்பத்தைத் தாண்டி இரண்டு மீற்றர் அளவில் நின்ற முருங்கை மரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். எட்டாம் நூற்றாண்டு ஹோமர் கம்பத்தடியில் நிற்க, அவர் பாடிய போர் முருங்கையில் நின்றது. நடுவில் வெறும் வெளி. அவர் தான் கண்ட போரைப் பாடவில்லை, தலைமுறை தலைமுறையாகக் காதால் வந்ததைப் பாடினார் என்று புத்தகத்தில் படித்தது அந்த வெளியைப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மா உடுப்புக் காயப்போட வேலிக்குப் போகவேண்டி வந்தது. ஒரு மாதம் பொறுத்தா.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் இந்தப் பெயர்களை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். அகிலஸ், அக்கிலீஸ், ஆக்கில்லேசு என்று மூன்று பேர் இருக்கிறார்கள் என்றே நான் ஒரு மாதம் நினைத்திருந்தேன். கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கி, கண்ட எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் அதில் எழுதி, விடைத்தாளுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரோமப் பெயரையும் அதே வரியில் எழுத வேண்டும்: ஸியூஸ் யூப்பிட்டர், ஹீரா யூனோ, அதீனா மினர்வா, ஒடிசியஸ் உலிசெஸ். ஒரு பக்கம் பிடிக்கும் வேலை, இரண்டு வருடம் உதவும்.

கட்டுரை எழுதுவது இதைவிடக் கடினம். இரண்டாம் தவணையில் 'ஏதென்ஸின் மக்களாட்சி உண்மையான மக்களாட்சியா?' என்று கேட்டார்கள். இம்முறை தகவல் பிழை ஒன்றும் இல்லை. ஆட்சியைச் சீர்திருத்திய தலைவர்களைச் சோலனில் தொடங்கி கிளைஸ்தனிஸ், எபியால்டிஸ், பெரிக்கிளிஸ் என்று வரிசையாக எழுதினேன். அடியில் சேர் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "கேள்விக்கு விடை எங்கே?"

அன்று அவர் சொல்லித்தந்ததை இன்றும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வி ஆம் அல்லது இல்லை என்று கேட்டால் முதல் பந்தியிலேயே உன் பக்கத்தைச் சொல். ஒவ்வொரு பந்தியும் ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஒரு சான்று. எதிர்ப்பக்கத்தின் மிகப் பலமான சான்றை ஒளிக்காதே, எடுத்துவைத்து அதோடு மோது. ஐந்நூறு பேர் கொண்ட சபைக்குக் குடவோலைபோலச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள், ஒருவர் வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் அதில் இருக்க முடியாது, நீதிமன்றத்தில் இருக்க வந்தவருக்குக் கூலி கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஆம் என்பவரின் சான்றுகள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்களுக்கும் வாக்கில்லை, 451இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாயும் தகப்பனும் இரண்டு பேரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை என்பவை இல்லை என்பவரின் சான்றுகள். சலாமிஸில் வென்ற கப்பல்களுக்கு லோரியன் சுரங்கத்து வெள்ளிதான் பணம். அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் அடிமைகள். இந்த ஒரு சான்று மூன்று பக்க வரலாற்றைவிட அதிகம் பேசும்.

சீட்டுக் குலுக்குவது எப்படி மக்களாட்சி ஆகும், தேர்தல்தானே மக்களாட்சி என்று வகுப்பில் சண்டை வந்தது. சேர் வகுப்புத் தலைவரை அந்தத் தவணை முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை சீட்டெடுத்துப் போடச் செய்தார். வாயே திறக்காத ஒரு பிள்ளைக்கு மூன்றாம் கிழமை சீட்டு விழுந்தது. முதல் நாள் குரல் நடுங்கியது. வெள்ளிக்கிழமை அவள் அதிபரிடம் போய் தறப்பாள் கிழிசலைப் பற்றி முறையிட்டாள். தேர்தல் வைத்திருந்தால் அவளுக்கு ஒருபோதும் வாக்கு விழுந்திருக்காது. சீட்டு மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று அரிஸ்ரோட்டில் எழுதியதை அதற்குப் பிறகு எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சான்று என்பது நூலாக மட்டும் இருக்கத் தேவையில்லை. ஒருவரைப் பத்து வருடம் நகரைவிட்டு வெளியேற்றுவதற்கு ஏதென்ஸ்காரர் உடைந்த மட்பாண்டத் துண்டில் பெயர் எழுதிப் போட்டார்கள். அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து அரசியல் தலைவர் தெமிஸ்ரோக்கிளிஸின் பெயர் எழுதிய துண்டுகள் சுமார் 190 கிடைத்தன. எழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் பதினாலு பேர் அளவில்தான். யாரோ முன்கூட்டியே எழுதி, வருபவர்களின் கையில் கொடுக்க வைத்திருந்திருக்கிறார்கள். இதை ஆம் என்ற பக்கத்துக்கும் எழுதலாம், இல்லை என்ற பக்கத்துக்கும் எழுதலாம். அப்படி இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய சான்று ஒன்று கையில் இருந்தால் கட்டுரை உயிரோடு எழும்பும்.

ஏதென்ஸின் போட்டி நகரமான ஸ்பார்ட்டாவைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அவர்களைப் பற்றி எங்களுக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். செனபன் ஏதென்ஸ்காரர். புளூட்டாக் பல நூற்றாண்டு பிந்தியவர். வயல் உழுது அவர்களுக்குச் சோறு போட்ட ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகள் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. ஊர் இழந்தவர்களின் கதையை மற்றவர்கள் எழுதும்போது என்ன நடக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உரோமில் இந்தப் பழக்கம் இன்னும் கைகொடுத்தது. முதல் பேரரசர் ஒகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே எழுதி, தான் செத்த பிறகு வெண்கலத்தில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போனார். இன்றைய அங்காராவில் கோயில் சுவரில் வெட்டிய பிரதி மிஞ்சியிருக்கிறது. பத்தொன்பது வயதில் சொந்தச் செலவில் படை திரட்டினேன் என்று தொடங்குகிறார். நான் அதை முதலில் வாசித்தபோது பிரமித்துப்போய் அத்தனையையும் சாதனைப் பட்டியலாகக் கொப்பியில் எழுதினேன். சேர் கேட்டார், "இதில அந்தோனியின்ர பேர் எங்க இருக்கு?" தேடினேன். இல்லை. அந்தோனியைப்போலவே அவரோடு மோதித் தோற்ற புரூட்டசின் பெயரும் இல்லை, கசியசின் பெயரும் இல்லை. இருபது வருடம் உள்நாட்டில் உரோமரோடு உரோமர் வெட்டுப்பட்ட காலம் அது. வென்றவரின் கல்வெட்டில் தோற்றவருக்குப் பெயரே கிடையாது. ஒரு சான்றை வாசித்து முடித்ததும், இதில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்க்க அன்று பழகினேன். இப்போது செய்தித்தாள் வாசிக்கும்போதும் கை தானாகத் தேடுகிறது.

எனக்கு ஏ வந்தது. அதைவிட எனக்கு முக்கியம், அம்மா இன்றைக்கும் யாராவது செத்தவீட்டுக்குப் போய்வந்தால் "அந்தக் கிழவன் போய்க் கேட்டவன்" என்று பிரியாமைப் பற்றிக் கதைப்பது.

வகுப்பில் நான் தவறாமல் எடுக்கும் இன்னொரு பக்கம் மூத்த பிளினியின் இயற்கை வரலாற்றின் ஆறாம் பகுதியில் இருக்கிறது. எழுதிய சில வருடங்களில், கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது செத்துப்போனவர் அவர். தப்ரபேன் என்று எங்கள் தீவைப் பற்றி எழுதுகிறார். குளோடியஸ் பேரரசரின் காலத்தில், செங்கடலில் வரி அறவிடும் குத்தகை எடுத்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவரின் ஆள், விடுதலை பெற்ற அடிமை, அராபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது வடக்குக் காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் இந்தத் தீவில் ஹிப்புரோஸ் என்ற துறையில் வந்து சேர்கிறான். அரசன் ஆறு மாதம் விருந்தாளியாக வைத்திருக்கிறான். அவன் மொழி படித்து உரோமைப் பற்றிச் சொல்கிறான். அவனிடம் இருந்த தெனாரி என்ற உரோம வெள்ளி நாணயங்களை அரசன் பார்க்கிறான். தலைகள் வேறு வேறு, ஆட்சி மாறி மாறி அடித்தவை, ஆனால் நிறை எல்லாம் ஒன்று. அந்த நேர்மையில் மனம் வைத்து நாலு தூதர்களை உரோமுக்கு அனுப்புகிறான்.

போன வருடம் இதை வகுப்பில் தமிழில் வாசித்துவிட்டு, இதில் எதை நம்பலாம், எதை நம்ப முடியாது என்று கேட்டேன். பிளினி தன் ஆட்களைத் தானே புகழ்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னாள். நல்ல விடை. பின்வாங்கில் இருந்த ஒரு பெடியன் கையைத் தூக்கினான். தகப்பன் கடற்றொழில். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

"ரீச்சர், ராசா அவனை ஆறு மாசம் வைச்சிருந்தவரோ, இல்லாட்டி அவனுக்குப் போகேலாமல் இருந்ததோ?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறீர்?"

"காத்து மாறவேணும் ரீச்சர். சோழகத்துக்க மேற்கால எப்பிடிப் போறது?"

சோழகம் என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. எனக்கு விடை தெரியவில்லை. நாளைக்கு அப்பாவைக் கேட்டுக்கொண்டு வாரும் என்றேன். மறுநாள் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான்: சோழகம் வைகாசியில் பிடிக்கும். வடகிழக்கு வாடை விழ ஐப்பசி, கார்த்திகை ஆகும். வாடைக்குத்தான் மேற்கே பாய் விரிக்கலாம். அடியில் விரல்விட்டு எண்ணியதுபோல மாதங்களை வரிசையாகப் போட்டு, ஆறு என்று வட்டமிட்டிருந்தான்.

வகுப்பின் பின்சுவரில் இப்போது ஒரு கயிறு நிரந்தரமாகவே கட்டியிருக்கிறது. குளோடியஸ் ஆண்ட கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் ஒரு சிவப்புக் கிளிப்பைப் போட்டு, அந்தத் தாளை அவனையே கொழுவச் சொன்னேன்.